பிடி தளர்ந்த விளையாட்டு

‘இறங்குமிடம்’ என்ற விளையாட்டைத் தோரணம் விளையாட்டு அங்காடியிலிருந்து பிடிமானி என்ற இயந்திரம் தூக்கிவிட்டது. ஏன் என்று கேட்டு, விளையாட்டைச் செய்த பெண் தூத்துக்குடியிலிருந்து அழைத்தபோது கோகிலவாணி காலைக் காப்பியைக்கூட முடித்திருக்கவில்லை.

அங்காடியின் கோயம்புத்தூர் தலைமையகத்தில் அவளுக்கு இதுதான் வேலை. நீக்குவது இயந்திரமாக இருக்கலாம், காரணம் சொல்வது மனிதராக இருக்க வேண்டும் என்பது சட்டம். சொல்லிச் சொல்லிக் காரணங்கள் அவளுக்கு மனப்பாடம். பின்னணிப் பாட்டுக்கு வாங்கிய உரிமம் காலாவதியாகியிருக்கும். வயதுச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். புதிய கருவிகள் வந்ததும் அதற்கேற்ப மாற்றி எழுத நேரமோ ஆளோ இல்லாமல் போயிருக்கும். சில சமயம் செய்தவரே இறந்துபோயிருப்பார், வீட்டாருக்கு அப்படியொரு விளையாட்டு இருந்ததே தெரிந்திருக்காது. பெரிய நிறுவனங்களில் இதையெல்லாம் கவனிக்கத் தனித்தனியாக ஆட்கள் உண்டு. தனியாளாகச் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

திரையில் தெரிந்தவளின் பெயர் பெர்னதெத். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் விளையாட்டுகள் செய்கிறவள்.

“பாட்டு நானே பாடுனது மேடம். சான்றிதழ் இருக்கு. போன மாசந்தான் புதுக் கருவிக்கு மாத்திக் குடுத்தேன். ஞாயித்துக்கிழம பூசைக்குக்கூடப் போகாம உக்காந்து செஞ்சேன். பெறவு ஏன் எடுத்தீங்க?”

கோகிலவாணி குறிப்பைப் பார்த்தாள். ‘பிடி தளர்வு’ என்றிருந்தது.

அப்போதெல்லாம் விளையாடுகிற எல்லோரும் நெற்றிப்பட்டை அணிந்தார்கள். கண்முன்னே காட்சியை விரித்ததும் அதுதான், மூளையின் மின்னலைகளைப் படித்ததும் அதுதான். ஒரு விளையாட்டு மனதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை அந்த அலைகளிலிருந்து பிடிமானி அளந்துகொண்டே இருக்கும். பிடி குறைந்தால் அங்காடியில் இடமில்லை. பெரிய விளையாட்டுகளுக்கு அந்தப் பயமில்லை. ஆடுகிறவரின் ஆசை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நெய்பொறிகள் புதிது புதிதாகக் கதையை நெய்துகொண்டே போகும். அவற்றுக்கு முடிவே கிடையாது.

“ஆடறவங்களுக்கு அவ்வளவா பிடிக்கலைன்னு அர்த்தமுங்க” என்றாள் கோகிலவாணி.

“பிடிக்கலையா? அழுதுட்டேன்னு எழுதுதாங்க எனக்கு. நீங்க வெளாண்டு பாத்தீங்களா மேடம்?”

பார்த்திருக்கவில்லை. தான் காரணம் சொல்லி அனுப்பிய விளையாட்டுகளில் ஒன்றைக்கூட அவள் ஆடிப்பார்த்ததில்லை. “பாத்துட்டுக் கூப்புடறனுங்க” என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளையாட்டில் அவள் ஒரு மினிபஸ்ஸின் நடத்துநர். பயணிகள் எல்லோருக்கும் தாங்கள் இறங்க வேண்டிய இடம் மறந்துவிட்டிருந்தது. பேச்சுக் கொடுத்து, மடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, எந்தத் தெருவைக் கடக்கும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று கவனித்து, அவரவர் நிறுத்தத்தில் விசில் ஊத வேண்டும். ஒரு ஆள் தாலுகா ஆபீஸ் போக வேண்டும் என்று சாதித்தான். அவன் சட்டைப்பையிலிருந்து குழந்தையின் பால்புட்டி எட்டிப்பார்த்தது. கோகிலவாணி அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டாள். ஒவ்வொருவராக இறங்கி வண்டி காலியானதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “நீ எங்க எறங்கணும்?” என்று கேட்டார். பதிலை ஆடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“பொள்ளாச்சி” என்றாள் கோகிலவாணி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பொள்ளாச்சியில் அவளுடைய அக்கா இருந்தாள். அப்பாவின் காரியத்தன்று வாய் தடித்துப் பிரிந்தவர்கள், அதன்பின் பேசிக்கொள்ளவில்லை. விளையாட்டு முடிந்துவிட்டது. மறுபடி ஆடு என்றோ, இதையும் பார் என்றோ எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. கோகிலவாணி பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். சாயங்காலம் காந்திபுரத்து வீட்டுக்குத் திரும்பாமல் உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டாள். அக்கா கதவைத் திறந்து, “வா” என்பதற்குள் இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு பல நாள் அவள் பட்டையைத் தொடவில்லை. தொடக்கூடாதென்று வைராக்கியம் ஒன்றுமில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிடிமானியை வடிவமைத்தவர் பொன்னரங்கன். இப்போது அங்காடிக்கே தலைவர். கோகிலவாணி நேராக அவர் அறைக்குப் போய், இயந்திரம் தப்புச் செய்கிறது என்றாள்.

“தோத்துப்போன விளையாட்டுன்னா நெனச்சீங்க?” அவர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். “இத முடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க அதுக்கப்புறம் அங்காடிப் பக்கமே வர்றதில்ல. பட்டையக் கழட்டி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க, பிடி அதோட விட்டுப்போகுது. மனசு நெறஞ்சவன் எதுக்குங்க திரும்பி வருவான்?”

“அப்ப நல்லா இல்லாததால நீக்கலீங்களா?”

“நல்லா இல்லாததும் இருக்கு. இது நல்லா இருந்ததால போச்சு.”

“நல்லா இருக்கறதால யாருக்குங்க நஷ்டம்?”

“கடைக்கு. எந்தக் கடையில வெச்சாலும் அந்தக் கடைக்கு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் உச்சியில், போட்டி அங்காடியான அலைவரியின் விளம்பரப் பலகை மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே ‘இறங்குமிடம்’ விளையாட்டின் முழு உரிமையையும் தோரணம் வாங்கியது. தன் அங்காடியில் வைக்க அல்ல. அலைவரியில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் இலவசமாக அனுப்பிவைக்க. எதற்கென்று செய்தவளிடம் சொல்ல வேண்டாம் என்று உத்தரவு. கோகிலவாணியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெர்னதெத் சிரிக்க ஆரம்பித்தாள். “எதிராளி மேல எறியுறதுக்கா வாங்குதீங்க? நல்லாருக்கே! சரி மேடம், சனங்க வெளாடுவாங்கல்ல?”

“லட்சக்கணக்குல ஆடுவாங்க.”

“அப்ப எறிங்க.”

அலைவரியின் கூட்டம் கரையத் தொடங்கியது. தோரணத்தில் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் அலைவரியிலும் பிடிமானி இருந்தது. அங்கேயும் நீக்கப்பட்ட சின்ன விளையாட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. விஷயம் புரிந்ததும் அவர்கள் அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்துத் தோரணத்தின் ஆட்டக்காரர்களுக்கு அனுப்பினார்கள். இவர்கள் பதிலுக்கு இன்னும் நாலு அனுப்பினார்கள். அனாதையாகக் கிடந்த விளையாட்டுகளைச் செய்தவர்களின் வீடுகளை இரு கடைக்காரர்களும் போட்டிபோட்டுத் தேடிப்போனார்கள். உரிமம் முடிந்த பாட்டுகளுக்குப் புது உரிமம் வாங்கினார்கள். பழைய கருவிகளுக்கு எழுதியதைப் புதிய கருவிகளுக்கு மாற்றினார்கள். முன்பு முடியாது என்று கோகிலவாணி வாயால் சொன்னதெல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தது. ஊரெங்கும் ஜனங்கள் விளையாட்டை முடித்தார்கள், பட்டையைக் கழற்றினார்கள், எழுந்து போனார்கள்.

பயந்துபோன இரண்டு அங்காடிகளும் சமாதானம் பேசின. முடிவுள்ள எந்த விளையாட்டையும் இருவரும் இனி வெளியிடுவதில்லை, அனுப்புவதுமில்லை என்று உடன்பாடு. எதற்கெல்லாம் முடிவு இருக்கிறது என்று அறிய யாராவது கடைசிவரை ஆடிப்பார்க்க வேண்டுமே. ஆடிப்பார்க்க உட்கார்ந்த ஊழியர்கள் வரிசையாக வேலையை விட்டார்கள். கடைசியில் பொன்னரங்கனே உட்கார்ந்தார். அவர் கைக்கு வந்தது குடை பழுதுபார்க்கும் ஒரு விளையாட்டு. சந்தையில் மழை கொட்டும், ஒடிந்த கம்பிகளைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், மழை நின்றதும் விளையாட்டு முடிந்துவிடும்.

வெளியே வந்தவர் கோகிலவாணியைப் பார்த்து, “மழ நின்னுருச்சுங்க” என்றார். முகம் குழந்தையினுடையதைப் போலத் தெளிந்திருந்தது. லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. உடன்பாட்டில் கையெழுத்துப் போட அலைவரியிலிருந்தும் யாரும் வரவில்லை.

இரண்டு கடைகளும் மூடிக்கொண்டன. கோகிலவாணி பொள்ளாச்சிக்கே மாறி, தென்னைநார்க் கயிறு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நன்றாகத்தான் இருந்தது.

வெகுநாள் கழித்துப் பெர்னதெத் அழைத்தாள்.

“புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன் மேடம். எங்க கொண்டுபோய்ப் போடுறதுன்னு தெரியல. கடையே இல்லையே. பழைய ஆட்கள் கொஞ்சம் பேருக்கு நானே அனுப்பிக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் அனுப்பட்டா?”

கோகிலவாணி பரணில் கிடந்த நெற்றிப்பட்டையை எடுத்துத் தூசு தட்டினாள். புதிய விளையாட்டு ஒரு சிற்றூரில் நடந்தது. தெருவில் நடக்க வேண்டும், எதிர்ப்படும் நாய்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் வைத்த நாய் வாலாட்டிக்கொண்டு கூடவே வரும். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குணம், ஒரு குறும்பு. சிரித்துக்கொண்டே ஆடினாள். ஒரு தெரு முடிந்தால் இன்னொரு தெரு திறந்தது. எப்போதோ போட்டு வைத்த தேநீர் ஆடை கட்டிப் பக்கத்தில் இருந்தது. அக்கா வரச்சொல்லியிருந்த நேரம் தாண்டிப் போயிருந்தது.

அவள் பெர்னதெத்தை அழைத்தாள். “ரொம்ப நல்லா இருக்குதுங்க. முடிவு எங்க வருது?”

“வைக்கல மேடம்.”

“ஏனுங்க?”

“அந்தத் தடவ அத்தன பேரு வந்தாங்க. முடிச்சாங்க, போயிட்டாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. இப்ப இருக்கிறதே விரல் விட்டு எண்ணுற ஆளுதான். இவங்களும் போயிட்டா நான் யாருக்காக மேடம் செய்ய?”

கோகிலவாணி ஆடை கட்டிய தேநீரைத் தள்ளி வைத்தாள். “முடிவு ஒண்ணு யோசிச்சு வெச்சிருப்பீங்கல்ல?”

“வச்சிருக்கேன். நல்ல முடிவு. இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்லது” என்றாள் பெர்னதெத். “அடுத்த மாசம் சேத்துருதேன் மேடம்.”

அடுத்த மாதம் ஊரில் இன்னும் நிறைய நாய்கள் வந்திருந்தன. கோகிலவாணி ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.