மூன்றாவது அடி

காலையில் அச்சிலிருந்து உருவிய முதல் மாடலிலேயே ஒரு பல் குறைந்திருந்தது. இல்லாமல் போகவில்லை, மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் மட்டும் பாதியில் சாய்வாக வெட்டுப்பட்டு நின்றது. குமிழ் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உருவினால் அந்த வாய் அப்படியே வெள்ளையாகக் கைக்கு வரும். அதை வைத்துத்தான் பல் செட் கட்டுவது. பதினொரு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. மாவுக்குள் காற்று மாட்டினால் பள்ளம் விழும், அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் குமிழ் விட்ட பள்ளம் உருண்டையாக இருக்கும். இது சீவினாற்போல் நேராக இருந்தது.

இரண்டாவது மாடல் ஒரு வயதானவரின் வாய். மொத்தமே நாலு பல். அந்த நாலில் ஒன்று இடப்பக்க முன்பல், அதுவும் சாய்வாக. மூன்றாவது ஒரு பள்ளிக்கூடச் சிறுமியுடையது. அதிலும் அதே இடம், அதே சாய்வு.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் எத்தனை வாய் உண்டோ அத்தனை விதமாகப் பல் உடையும், ஒன்றைப் போல இன்னொன்று உடையாது. இந்தச் சாய்வை அவள் ஒரே ஒரு வாயில்தான் பார்த்திருக்கிறாள். உண்டாக்கியதும் அவளேதான்.

அது நடந்து இருபத்தாறு நாள் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி, மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, முதலாளி கிளம்பிவிட்டார். டாக்டர் அனுப்பிய ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து, திரும்பி நின்று, நிதானமாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அவன் கை அவள் வாயைப் பொத்தியது. முகத்தைத் தள்ளிய அவள் இடது முன்கையை அவன் கடித்தான். வலது கைக்கு மேஜைமேல் இருந்த சின்ன இரும்புச் சுத்தியல் அகப்பட்டது. முதல் அடி காதோரம். இரண்டாவது அடி வாயில்; அதில்தான் பல் தெறித்தது. அவன் அலமாரியில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான், ஒரு கையைத் தூக்கினான், "போதும்மா" என்றான். அதற்குப் பிறகு அவள் மூன்றாவது முறை அடித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். இன்ஸ்பெக்டரிடம் மூன்றாவது அடியைச் சொல்லத்தான் போனாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "ரெண்டோ மூணோ, உயிருக்குப் போராடும்போது எண்ணிக்கிட்டாம்மா அடிப்பாங்க? தைரியமா போங்க," என்றார். கூட வசிக்கும் அக்காவிடம் ஒருநாள் துணிந்து ஆரம்பித்தாள்.

"அக்கா, அவன் போதும்னு சொன்னான்க்கா."

"சொல்லுவான். எழுந்து வந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்? நீ சாப்பிடு முதல்ல."

"அதுக்கப்புறமும் நான்..."

"நல்லா பண்ணே. இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்." அக்கா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போன வேகத்தில் அங்கே குழாயடியில் அழுதாளோ என்னவோ, முகம் கழுவிவிட்டுத்தான் திரும்பினாள். அதற்கு மேல் எந்த வாயால் சொல்வது?

சொல்ல வேண்டியது அடியின் கணக்கே இல்லை. அந்த மூன்றாவது அடியில் ஒரு சுகம் இருந்தது. பயத்தில் கூட ஒரு கலப்படம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செத்துத் தொலைந்தான் என்று நிம்மதி வரும்; ஐயோ செத்துப்போனானே என்று பதைப்பும் வரும்; இரண்டும் ஒரே மூச்சில் வந்து, பின்னாலேயே அந்தச் சுகமும் ஞாபகம் வரும்போது தன் கையைத் தானே எங்கே வைப்பதென்று தெரியாமல் விழிப்பாள். முதல் இரண்டும் தன்னைக் காத்த கை. மூன்றாவது யாருடைய கை? இரண்டோடு நிறுத்தியிருக்கலாமே, இன்னொரு தரம் அந்த நிமிஷம் கிடைத்தால் நிறுத்திவிடுவேனே என்று தினமும் படுக்கையில் வேண்டிக்கொள்கிறாள்.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். மனுஷர் தொட்டதற்கெல்லாம் கிண்டல் பேசுபவர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டது அவர்தான். போலீஸ் எடுத்துப்போன சுத்தியலுக்குப் பதில் அதே கடையில் அதே அளவில் புதிது வாங்கி வைத்ததும் அவர்தான். நல்ல மனசுக்காரர்கள் யோசிக்காமல் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும்.

"ஏம்மா, மூணு பேரும் ஒரே கதவுல போய் முட்டிக்கிட்டாங்களா?" என்று மாடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. கட்டைவிரலால் அந்தச் சாய்வைத் தடவினார். "உருவும்போது உடைஞ்சிருந்தா சொரசொரன்னு இருக்கணும். இது வழவழன்னு இருக்கே." அச்சுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அச்சுல பல் முழுசா இருக்கு. மாடல்ல பாதி. இது என்ன கூத்து?"

"தெரியல சார்."

"மாவு சரியில்ல. புது மூட்டையைப் பிரி." கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். "சந்தேகமா இருந்தா உன் வாயையே அச்செடுத்து ஊத்திப் பாரு. உன் பல்லு ஒழுங்காத்தானே இருக்கு? நான் செட்டைக் குடுத்துட்டு மத்தியானம் வந்துடறேன்." அவர் இறங்கிப்போகும் செருப்புச் சத்தம் படிப்படியாகத் தேய்ந்தது.

அவள் புது மூட்டையைப் பிரித்தாள். முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், முழுசாக இருந்தது. தன் மாடலும் முழுசாக வந்துவிட்டால் எல்லாப் பழியும் அந்தப் பழைய மாவின் தலையில் விழுந்துவிடும், இன்று ராத்திரியாவது தூங்கலாம். அந்த நப்பாசையில்தான் இளஞ்சிவப்புப் பசையைத் தகர டிரேயில் அப்பி வாயில் வைத்துக் கடித்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. கழுவுதொட்டிக்கு மேலே தொங்கும் வட்டக் கண்ணாடியில் வாய் நிறையத் தகரத்தோடு நிற்பவளைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்த அச்சை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இடப்பக்க முன்பல் முழுசாகப் பதிந்திருந்தது. மாவைக் கரைத்து, அதிரும் மேடைமேல் வைத்து, ஒரு குமிழ்கூட மிஞ்சாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

இறுக நாற்பது நிமிஷம் ஆகும்.

மேடையை நிறுத்தியும் அந்த ரீங்காரம் காதைவிட்டுப் போகவில்லை. ஈர மாவின் சுண்ணாம்பு வாசனையோடு உருகிய மெழுகின் வாசனையும் கலந்து அறை முழுக்க நின்றது, மின்விசிறி அதையே சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து முகத்தில் போட்டது, ஜன்னல் வெயில் அலமாரியில் ஏறி, அங்கே தட்டுத்தட்டாக அடுக்கியிருந்த பழைய வாய்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நேற்றுவரை அவை எல்லாம் மூடியிருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்த்துத்தான் அடுக்குவாள். இப்போது எல்லாம் ஒரு விரல் அளவு திறந்திருந்தன. எல்லாவற்றிலும் அந்தச் சாய்வு.

எழுந்து போய் மூடலாமா என்று நினைத்தாள். ஸ்டூலை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இடது முன்கை அரித்தது. கடித்த தழும்பு மங்கிக்கொண்டு வந்தது, இப்போது சிவந்திருந்தது. ஆறு பல்லின் தடம். அவன் கடித்தது முதலில், பல் உடைந்தது பிறகு; அதனால் தழும்பில் எல்லாப் பல்லும் முழுசு. இருபத்தாறு நாளாகத் தினம் பார்க்கிற தடம்தானே. குனிந்து பார்த்தாள்.

ஒரு தடம் சாய்வாக இருந்தது. ஈரமாக இருந்தது.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. மாடலை உருவினாள். மாவு இறுகும்போது சுடும், பிறகு ஆறிவிடும். இது ஆறவில்லை. உள்ளங்கையில் உயிருள்ளது போலக் கதகதத்தது. திருப்பிப் பார்த்தாள்.

சாய்வு.

"இல்ல," என்றாள். நாக்கால் தன் பல்லைத் தொட்டாள். முழுசுதான். இன்னொரு தரம் தொட்டாள். முழுசு. மாடலைப் பார்த்தாள். சாய்வு. இது இருக்கக் கூடாது. இது மட்டும் இருக்கவே கூடாது. சுத்தியல் எப்படிக் கைக்கு வந்ததென்று தெரியாது. ஓரத்தில் ஒரு அடி. வெள்ளைத் தூள் பறந்தது. முன்பல்லில் இரண்டாவது அடி.

"போதும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. கதவு அவள் தாழிட்டபடியே இருந்தது. குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவளுடைய உதடு.

இதுதான் அந்த நிமிஷம். இத்தனை நாள் வேண்டிக்கொண்ட நிமிஷம். இரண்டோடு நிறுத்து. கையைக் கீழே இறக்கு. யாரும் துரத்தவில்லை. யாரும் எழுந்து வரப்போவதில்லை. வெறும் மாவு. நிறுத்து.

கை மேலே போனது. கூடவே அந்தச் சுகமும் வந்தது, அடிவயிற்றிலிருந்து, பழகிய வீட்டுக்கு வருவதுபோல.

மூன்றாவது அடி விழுந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. மேஜை முழுக்கத் தூள். சுத்தியலை அதன் நடுவில் வைத்தாள், வைத்ததாகத்தான் ஞாபகம். வாயில் உப்புக் கரித்தது. நாக்கு தானாக முன்பல்லைத் தேடிப்போய் ஒரு விளிம்பில் இடறியது. வழவழவென்று இருந்தது. சாய்வாக.

முகம் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். வட்டக் கண்ணாடியில் அவள் வாய் திறந்திருந்தது. அவள் வலது கை அவள் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. அதில் சுத்தியல் இருந்தது.

"போதும்மா," என்றாள்.

கை கேட்கவில்லை.