கன்னிக்கு விடாத பங்கு

இரண்டாகத்தான் பிரித்தான். திரையில் மூன்று தெரிந்தது.

தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். நாற்பது எம்.பி. டிஸ்க். முன்பாதி டாஸுக்கு, பின்பாதி யூனிக்ஸுக்கு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டங்களையும் ஏற்றித் தருவதாகச் சுரண்டை நூற்பாலைக்காரரிடம் சொல்லி வாங்கி வந்திருந்தான். மெட்ராஸ் வேலையை விட்டு மேலகரத்துக்கு வந்தபின் கிடைத்த முதல் வேலை அது. இரண்டுக்கும் நடுவே, அவன் உண்டாக்காத ஒரு பகுதி, ஒரே ஒரு எம்.பி. அளவில், ‘டாஸ் அல்லாதது’ என்ற குறிப்போடு நின்றது.

அழிக்கப் பார்த்தான். டாஸ் தனக்குப் புரியாத பகுதியைத் தொடாது. சனியன் போகட்டும் என்று டிஸ்க்கையே அடியோடு ஃபார்மட் போட்டான். வெளியே ஆடிச் சாரல் ஓட்டின்மேல் பொடியாக விழுந்துகொண்டிருக்க, பகல் மூன்று மணிக்கே விளக்குப் போடும்படி வீட்டுக்குள் இருட்டியிருந்தது; ஈரக்காற்றில் மலையின் இலைவாசம் வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாசம், பிரிக்காத புதுத்துணியின் கஞ்சி வாடை, கூடவே ஈரச் சுண்ணாம்பு; டிஸ்க் முக்கால் மணி நேரமாகக் கரகரவென்று எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தது. அவனுக்குப் பின்னால் மகள் அகிலா தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. மனைவி பிச்சம்மாள், பிள்ளையை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பாவூர்சத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஃபார்மட் முடிந்தது. மறுபடி இரண்டாகப் பிரித்தான்.

மூன்று. நடுவில் இருந்தது இப்போது நான்கு எம்.பி.

அடுத்த பங்கில் குடியிருக்கும் அண்ணன் வல்லிநாயகம் சன்னல் வழியே கூப்பிட்டார்.

“ஏலே தாணு, அங்கன யாரு சுவரு பூசுதா? மத்தியானத்துலேருந்து கரண்டிச் சத்தம் கேக்குது.”

“சுவரா? இது டிஸ்க்குச் சத்தம்ண்ணே.”

“எனக்குக் கரண்டிச் சத்தம் தெரியாதாலே?”

தாணு தரையைப் பார்த்தான். தை மாதம் வீட்டைப் பாகம் பிரித்தபோது அண்ணனுக்குக் கிழக்கு, அவனுக்கு மேற்கு. நடுவில் ஒரு சின்ன அறை. பதினொரு வயதில் அம்மை கண்டு போன உலகம்மாள் அத்தையின் அறை. கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவளுக்கென்று ஒரு பெட்டியும் வருஷத்துக்கு ஒரு சிற்றாடையும் உண்டு. எத்தனை முறை பாகம் பிரித்தாலும் அவள் அறையை யார் பங்கிலும் சேர்ப்பதில்லை. தாணு சேர்த்தான். இடம் போதாது என்று சுவரை இடித்துத் தன் கூடத்தோடு சேர்த்து, பெட்டியைச் சிற்றாற்றில் விட்டுவிட்டான். இடித்த தடம் இன்னும் தரையில் கோடாக இருந்தது. அகிலா அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“எப்பா, இந்த அக்காளுக்கு எடம் பத்தலையாம்.”

அங்கே வேறு யாரும் இல்லை.

“இங்கன வந்துரு தாயி.”

“இந்தா வாரேன்.” அகிலா எழுந்திருக்கவில்லை.

பின்னால் டிஸ்க் கரகரத்தது. அவன் எதையும் தொடவில்லை. ஏழு எம்.பி. பதினொன்று. சுவிட்சை அணைத்தான். திரை அணையவில்லை. பத்தொன்பது. முப்பது. நாற்பது. டாஸ் பகுதி இல்லை. யூனிக்ஸ் பகுதி இல்லை.

“அண்ணே! அத்த பங்கு கேக்குதாண்ணே!” அழுகை வந்துவிட்டது.

அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வாயால குடுத்துருலே. பத்திரத்துல எழுதுத மாதிரி எல்லை சொல்லிக் குடு. இப்பமே குடு.”

திரையைப் பார்த்தபடியே கைகூப்பினான். பத்திர ஆபீஸில் வாசிக்கக் கேட்ட வாசகம் நாக்கில் தானாக வந்தது.

“கிழமேல் எட்டடி, தென்வடல் ஆறடி, மேற்படி அறையும் அதிலுள்ள சகலமும் உனக்கே.”

கரகரப்பு நின்றது. எண்கள் இறங்கின. முன்பாதி வந்தது. பின்பாதி வந்தது. நடுவில் ஒரே ஒரு எம்.பி. அப்பாடா என்று மூச்சு விட்டான். அப்புறம்தான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

அதிலுள்ள சகலமும்.

திரும்பினான்.

கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில் சுவர். ஓடு வரைக்கும். ஈரச் சுண்ணாம்பு. கதவில்லை.

“எப்பா.”

ஓடிப்போய் நகத்தால் பிறாண்டினான். அகிலா, அகிலா என்று கத்தினான். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது, பெயரவில்லை.

“எப்பா, இருட்டா இருக்கு.”

அவன் இடுப்புயரத்தில் பூச்சு புடைத்தது. ஐந்து சின்ன விரல்கள் உள்ளிருந்து தள்ளின. அவற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிதாக, இன்னொரு கை. அது அந்த விரல்களை மெல்லப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு அப்படியே இறுகியது.