சந்தா கட்டினால் பேசும் ஆவி

அகிலன் எழுந்தான். பல் துலக்கினான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். ரொட்டியில் கயா ஜாம் தடவிப் பாதி தின்றான்.

கட்டிலின் மறுபக்கத்துப் போர்வை மடித்தபடியே கிடந்தது. நித்தியா போனதிலிருந்து அதை அவன் பிரிக்கவில்லை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்தான். கண்ணாடிக் கம்பியில் பச்சை நைலான் கயிறு. அதில் மூன்று சோழி. மாமியார் லீலாவதி கண்ணேறுக்காகக் கட்டியது. மகளின் வண்டியிலும் அதேபோல் ஒன்று கட்டியிருந்தாள்.

"எலுமிச்சம்பழம் அழுகிடும் தம்பி. சோழி அழுகாது."

அழுகவில்லைதான். ஆனால் மகளின் வண்டி ஈஜோக் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் கிடந்தது. மகளும் கிடந்தாள். இடித்தவன் நிற்கவில்லை. கயிறும் கிடைக்கவில்லை.

கூடத்தில் போன் அலறியது.

லீலாவதி ஓடிப்போய் எடுத்தாள். பேசி முடித்ததும் வாசலுக்கு வந்தாள்.

"தம்பி... மறுகரை டிவியிலேர்ந்து. சசிகுமார் சாமி இப்பவே வரச் சொல்றாரு. நித்தியா பேசணுங்கறாளாம்."

மறுகரை டிவி. மாதச் சந்தா கட்டினால் பேய், பூசை, பில்லி, மறுபிறவி... எல்லாம் போனிலேயே பார்க்கலாம். லீலாவதிக்கு இப்போது அதுதான் சோறு, அதுதான் தூக்கம்.

"சரி அத்த. கெளம்புங்க."

அவள் நம்பாமல் பார்த்தாள். முந்தாநாள் வரை அந்த ஆப்பைத் தூக்கி எறியச் சொன்னவன் இவன்.

"என்ன, திடீர்னு நம்பிக்க வந்துருச்சு?"

"நேத்து ஒரு எபிசோட் பாத்தேன்," என்றான் அகிலன். "வொர்த்துதான்னு தோணுச்சு."

புக்கிட் செந்தோசா நகரம். கடை வரிசையில் ஒரு சலவைக் கடை. அதற்கு மேல்மாடியில் மறுகரை.

சசிகுமார் கறுப்பு ஜிப்பாவில் இருந்தான். விரல் நிறைய மோதிரம். ஜன்னல்களில் கறுப்புத் துணி அறையப்பட்டிருந்தது. சாம்பிராணிப் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு... சந்தாதாரர்களுக்கு மட்டும், நேரலை.

"போன குடுத்துருங்க பிரதர். சிக்னல் இருந்தா ஆவி தடுமாறும்."

"வைஃபை ஓடுதே?"

"அது நம்ம வைஃபை."

சசிகுமார் போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டான். கதவைப் பூட்டினான். சாவி ஜிப்பாவுக்குள் போனது.

"நடுவுல எழுந்து போவக் கூடாது. போனா ஆவி கூடவே வீட்டுக்கு வந்துரும்."

"வந்தா நல்லதுதான," என்றான் அகிலன்.

சசிகுமார் கண்ணை மூடினான். உடம்பை உலுக்கினான். குரல் மெலிந்தது.

"அம்மா... இருட்டுல மாட்டிக்கிட்டேன்மா... வழி தெரியல..."

"நித்தியா! யாருடி உன்ன விடல?"

"நீதாம்மா. நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிப் போயிக் கேக்குற. அந்தக் கேச நீ விட்டாத்தான் நான் போவ முடியும்."

லீலாவதி தேம்பினாள்.

"விட்டுடுறேன்டா. இனிமே அந்தப் பக்கமே போவ மாட்டேன். நீ கடைசியா என்னடா நெனச்ச? என்ன சொன்ன?"

"இடிச்சவர மன்னிச்சிருங்க... அதாம்மா சொன்னேன்."

அகிலன் தொண்டையைக் கனைத்தான்.

"சாமி, ஒரு உதவி. எனக்கும் எவனோ செய்வின வச்ச மாதிரி இருக்கு. உங்க வண்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்தீங்களே... அந்த எபிசோட்ல..."

ஆவி சட்டென்று இறங்கிவிட்டது. சசிகுமாரின் முகம் மலர்ந்தது.

"வண்டி தோஷமா? பிரீமியத்துலயே டாப்பு அதான் பிரதர். முனியாண்டி கோயில்ல பூசணிக்கா ஒடச்சு, சுருட்டு வச்சுக் கும்புடறோம். திடீர்னு பூசாரி வண்டி முன்பக்க கிரில்லுக்குள்ள கைய விட்டு செய்வினைய உருவுறாரு. என் வளர்ச்சி புடிக்காத எவனோ வச்சிருக்கான்."

அலமாரியைத் திறந்தான். ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தான்.

"மந்திரக்கட்டு போட்டு வச்சிருக்கேன். பாருங்க."

உள்ளே பச்சை நைலான் கயிறு.

மூன்று சோழி.

லீலாவதியின் தேம்பல் நின்றது. ஜாடியைப் பிடுங்கினாள். திறந்தாள்.

"இந்த ரெட்ட முடிச்சு நான் போட்டது."

"அம்மா, சோழின்னா எல்லாம் ஒரே மாதிரிதான்..."

"நடு சோழி ஓரத்துல ஒடஞ்சிருக்கும். ஓட்ட போடறப்ப நாந்தான் ஒடச்சேன்."

விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பினாள்.

உடைந்திருந்தது.

"வண்டி அடிபட்டாத்தான் நம்ம ஆளுங்க முனியாண்டிகிட்ட பூசணிக்கா ஒடைப்பாங்க," என்றான் அகிலன். "உங்க வண்டி எங்க சாமி அடிபட்டுச்சு?"

சசிகுமார் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. மேடையிலிருந்த பித்தளைச் சூலத்தை உருவிக்கொண்டு கதவை மறித்தான்.

"சாவி என்கிட்ட. போனு என்கிட்ட. கத்துனாலும் கீழ மெஷின் சத்தத்துல எவனுக்கும் கேக்காது."

"நீயாடா?" என்றாள் லீலாவதி.

"மழ. கண்ணு தெரியல. குறுக்க வந்தா. நான் என்ன பண்ணுவேன்?"

"நின்னிருந்தா பொழச்சிருப்பாடா..."

சூலம் உயர்ந்தது. அகிலன் அவளைப் பின்னால் தள்ளினான். முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

படார்!

கதவு பெயர்ந்து விழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் சசிகுமாரை அமுக்கினார்கள். பின்னால் இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் நிதானமாக உள்ளே வந்தார். அவர் கையிலிருந்த போனில் இதே அறை தெரிந்தது. சில நொடி தாமதமாக அதிலும் கதவு பெயர்ந்து விழுந்தது.

"கேமராவ மறந்துட்டீங்க சாமி. சந்தா கட்டுனவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. நானும் நேத்துதான் கட்டுனேன்."

"நேத்தா?" என்றான் சசிகுமார்.

"அகிலன் அந்த எபிசோட கொண்டாந்து காட்டுனாரு. கயிறு உங்க கையில இருக்கணும், உங்க வாயால வரணும்னு சொன்னேன். நீங்க கூப்ட்டதும் அவரு மெசேஜ் போட்டாரு, அப்பலேர்ந்து கீழ துணி தொவைக்கிற மாதிரி உக்காந்திருந்தோம்."

விலங்கு மாட்டப்பட்டது.

படிக்கட்டில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. இன்ஸ்பெக்டர் அகிலனின் தோளைத் தட்டினார்.

"சொல்லுங்க தம்பி. இந்த ஆப்பு வொர்த்தா இல்லையா?"

"ஒரு எபிசோட் மட்டும் சார்."

லீலாவதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்வை வெறும் உள்ளங்கையில் இருந்தது. சோழிகளைச் சாட்சியத்துக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

"அப்ப மன்னிச்சிருங்கன்னு அவ சொல்லவே இல்லையா தம்பி?"

"இல்ல அத்த."

"நெஜமா கடைசியா என்ன சொன்னா? நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையே."

அன்று காலை. வாசல் கேட். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்த முகம். அகிலனின் உதட்டோரம் வெகு நாள் கழித்து லேசாக அசைந்தது.

"'அம்மாவுக்குப் போட்டுக் குடுத்த அந்தப் பேய் ஆப்ப, ஃப்ரீ மாசம் முடியறதுக்குள்ள கேன்சல் பண்ணிடுங்க. மறந்தீங்க... நானே பேயா வந்து கேன்சல் பண்ணுவேன்.'"