பக்கத்துக் காம்பரா

மாரிசாமியை ஏற்றி வந்த வேன் கோயிலடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பாதை இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க, அவன் மனைவி கலாராணி மருந்துப் பையோடு பின்னால் வந்தாள். பகல்தான். ஆனாலும் மடுல்சீமை மலையிலிருந்து இறங்கிய மூடுபனியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை பாதிதான் தெரிந்தது.

வாயில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மண் சரியும் என்று எச்சரித்து, அந்த லயத்துச் சனங்களை மேட்டுப் பக்கத்துப் புது வீடுகளுக்கு அனுப்பியாயிற்று. மிஞ்சியவர்கள் இவர்களும், ஓரத்து ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்த கிழவர் அழகரும்தான். பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடந்தது. கூரைத் தகரம் பெயர்ந்து, உள்ளே மழை விழும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் தாதி கம்சலா புதன்கிழமைகளில் வந்தாள். புண்ணைக் கழுவுவது எப்படி, முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி, குழாய் வழியே பால் ஊற்றுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். கிளம்பும்போது, "ஒங்களை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டாள்.

கலாராணிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"எனக்கென்னங்க மிஸ்? நான் நல்லாத்தானே இருக்கேன்."

கொஞ்ச நேரமாவது யாரையாவது உட்காரவைத்துவிட்டுத் தூங்கச் சொன்னாள் கம்சலா. யாரை உட்காரவைப்பது? மகள் சுதர்ஷினி கட்டார் நாட்டில் வேலையில். தங்கை புஷ்பத்துக்குப் பதுளையில் தையல் கடையை விட்டு நகர முடியாது. மற்றச் சொந்தங்கள் ஆரம்பத்தில் பிஸ்கட் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். புண்ணின் வாடை பட்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனவர்கள், திரும்பி வரவில்லை.

கலாராணி தூக்கம் மறந்தாள். பிறகு பசி மறந்தது. அப்புறம் கவலையும் இல்லாமல் போயிற்று. கைகள் தாமாகக் கழுவின, துடைத்தன, திருப்பின. ஒரு நாள் அடுப்பில் கை சுட்டபோது, யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மத்தியானம் அடுப்படியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்து ஓடியபோது மாரிசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முதுகுக்குச் சேலையைச் சுருட்டி முட்டுக்கொடுத்திருந்தது. கடைவாய் துடைத்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் தானே செய்திருப்போம் என்று நினைத்தாள்.

மறுநாளும் அப்படித்தான்.

அதற்கு மறுநாள் அவள் தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தாள். முதலில் வாடை வந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, மழையில் நனைந்து நாள் முழுக்கக் காயாமல் கிடந்தால் அடிக்கிற புளித்த வாடை. அப்புறம் தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

கண்ணைத் திறந்தாள்.

கட்டிலின் தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"நீ படு." குரல் தணிந்து வந்தது. "நான் பாத்துக்கிறேன்."

யார் என்று கேட்டிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். கலாராணி பாயை விரித்தாள்.

படுத்தாள்.

பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். எழுந்தபோது, ஈரக் காலடிகள் வாசல் தாண்டிப் போய், பக்கத்துக் காம்பராவின் பூட்டிய கதவடியில் முடிந்திருந்தன. துணியெடுத்து அவற்றைத் துடைத்தாள்.

அந்தப் புதன்கிழமை கம்சலா மாரிசாமியின் முதுகைப் பார்த்துவிட்டு, சின்னப் புண்கூட இல்லையே, யார் ஒத்தாசைக்கு வருகிறார்கள் என்று கேட்டாள். பக்கத்துக் காம்பரா அக்கா என்றாள் கலாராணி.

விறகு கொண்டுவந்து போட்ட அழகர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கம்சலாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தக் காம்பராவில் கருப்பம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான புருஷனை வருஷக்கணக்கில் பார்த்தாளாம். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

"அவனப் பாக்கத் தோட்டமே வந்துச்சு மிஸ். அவளப் பாக்க ஒருத்தரும் போகல."

கம்சலா பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கலாராணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்கும் வருவாள், படுக்கலாம் என்று மட்டும் நினைத்தாள்.

பயந்தவன் மாரிசாமிதான். அவனுக்குப் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது. ஒரு மத்தியானம் அவள் பாயை விரிக்கும்போது மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் புண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தான்.

"நீ தூங்குனதும் திரும்பிக்கிறா. என்னையப் பாக்கல. ஒன்னையத்தான் பாக்குறா."

அவள் அவன் விரல்களை மெல்லப் பிரித்தாள்.

"செத்த நேரம் படுத்துக்கிறேங்க."

விழித்தபோது அவன் போயிருந்தான்.

கண்கள் மூடியிருந்தன. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, முறையாக முடிச்சுப் போட்டிருந்தது.

சாவுக்குத் தோட்டமே திரண்டது. தப்பு முழங்கியது. குழியில் மண் தள்ளிவிட்டு எல்லோரும் போனார்கள். புஷ்பம் கூப்பிட்டதற்கு, அப்புறம் வருகிறேன் என்று கலாராணி அனுப்பிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அவன் கட்டிலில் படுத்தாள்.

நோயாளி இல்லாத வீட்டுக்குக் கம்சலா வர வேண்டியதில்லை. ஆனாலும் புதன்கிழமை வந்தாள். தட்டியும் பதில் இல்லாததால் அழகர் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார். கலாராணி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். முதுகுக்குச் சேலைச் சுருள் முட்டுக்கொடுத்திருந்தது. தலையை யாரோ வாரி, இறுக்கிப் பின்னியிருந்தார்கள். கட்டிலைச் சுற்றித் தரை முழுக்க ஈரம்.

"எந்திரிங்க. எங்கூட வாங்க."

"இருக்கட்டும் மிஸ். அக்கா பாத்துக்கிறாங்க."

கம்சலா விடவில்லை. இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, மழையில் நடத்தி, வேனில் ஏற்றிப் பதுளையில் புஷ்பத்தின் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதோடு நிறுத்தாமல் நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கலாராணி பேசாவிட்டாலும் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, மீன் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றாள் கலாராணி. புஷ்பம் அடுப்படிக்குப் போய் அழுதாள். இன்னொரு நாள் மாரிசாமியின் சட்டையை மடிக்கையில் கலாராணியும் அழுதாள். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்குவது மாதிரி வலித்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

பிறகொரு மத்தியானம், நல்ல வெயில். உடம்பு லேசாகச் சுட்டதால் கலாராணி பின்னறையில் படுத்திருந்தாள். முன்பக்கக் கடையில் புஷ்பத்தின் தையல் மெஷின் ஓடுகிற சத்தமும், யாரிடமோ சட்டை அளவு கேட்கிற அவள் குரலும் வந்துகொண்டிருந்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கண்கள் மூடியே இருந்தன. வாய்க்குள் ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது.

கஞ்சி.

விழுங்கினாள்.

முன்கடையில் மெஷின் நிற்காமல் ஓடியது.

அடுத்த கரண்டி உதட்டில் பட்டது.