நாற்பதாயிரம் பேரின் முகம்

ஒரே நாள், ஒரே நேரத்தில் ஈரோட்டிலும் சேலத்திலும் கரூரிலும் தணிகாசலம் சங்கிலி பறித்திருந்தான். மூன்று தெருக்கண் கேமராப் படங்களிலும் அவன் முகமேதான். ஆய்வாளர் பூங்கோதை அசரவில்லை. கூட்டாளிகள் அவன் முகம்போலவே முகமூடி போட்டிருப்பார்கள். தவிர, அவனைப் பார்த்ததுமே பழகிய முகமாகத் தெரிந்தது. பழகிய முகம் என்றால் பழைய திருடன், அவ்வளவுதான்.

பிடிபட்டவன் சொன்னது வேறு கதை. இளவயதில் ஒரு வேட்டி விளம்பரத்துக்கு நின்றானாம். படம் அத்தனை தெளிவாம். முகச்சுருக்கி அதைப் பிடித்துக்கொண்டதாம்.

முகச்சுருக்கி மென்பொருள் வந்தபின் யாரும் முழுப்படம் சேமிப்பதில்லை. ஒரே சாயலுள்ள எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாதிரி முகத்தை அது வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு அந்த மாதிரியின் எண் மட்டும். படத்தைத் திறந்தால் மாதிரியை எடுத்துப் பொருத்திக் கொடுக்கும். பழைய ஆல்பங்களையும் அப்படித்தான் விழுங்கியிருந்தது. இடம் மிச்சமாகிறதே என்று ஊரே மகிழ்ந்தது.

தன் முகத்தை மாதிரிப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி அவன் மனு கொடுத்திருந்தான். ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். நீக்கினால் அதை நம்பியிருக்கும் நாற்பதாயிரம் பேரின் முகம் வெறும் புகையாகிவிடும், வழக்கும் விழும். சாட்சியை அழிக்கப் பார்க்கிறான், எமகாதகன் என்று நினைத்தாள். அவன் பொய்யைப் பிடிக்கவே அந்த நாற்பதாயிரம் பேரின் பட்டியலை வரவழைத்தாள். நான்காம் பக்கத்தில் கோபிநாத் என்ற பெயரும் அவள் வீட்டு முகவரியும் இருந்தன.

கோபிநாத் அவள் கணவன். இறந்து ஆறு வருடம். படத்திறப்பன்று கூடத்து மின்சட்டத்தில் ஒளிர்ந்த அவன் படத்தைப் பார்த்து, ஆளே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார்கள் எல்லோரும். அத்தை ஒருத்தி மட்டும் மூக்கு அவனுடையது இல்லையே என்றாள். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்லி அவள் வாயை அடைத்தார்கள்.

கைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து எதிரே நின்ற தணிகாசலத்தின் முகத்தருகே பிடித்தாள். மூக்கு, தாடை, புருவம், எல்லாம் ஒன்று. ஆறு வருடமாகத் தினமும் பூ வைத்து அழுதது இந்த வேட்டிக்காரனிடமா? அவளுக்குக் கூசியது. கண்ணை மூடி அசல் கோபிநாத்தை நினைத்துப் பார்த்தாள். வந்தது இதே முகம்தான்.

"நான் எடுக்கலைன்னு உங்களுக்கே தெரிஞ்சு போச்சுங்க மேடம். கையெழுத்துப் போட்டீங்கன்னா வீட்டுக்குப் போயிருவனுங்க."

"போட்டா அவர் படம்?"

"போயிருமுங்க. அது அவரில்லீங்களே."

அவர் இல்லைதான். ஆனால் அவளிடம் வேறு முகம் இல்லை.

மனுவின் ஓரத்தில் 'சாட்சியத்தை அழிக்கும் முயற்சி. நிராகரிக்கலாம்' என்று எழுதினாள். பிறகு, அவனை நிமிர்ந்து பார்க்காமலே, உள்ளே கொண்டுபோகச் சொன்னாள்.