ஈரத்தில் முளைப்பது

அரைநாள் வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது, முன்னறைத் தலையணையில் ஆரஞ்சு நிறத்தில் தூள் கொட்டிக் கிடந்தது. மகள் வண்ணப் பென்சிலைக் கடித்துத் துப்பியிருப்பாள் என்று நம்ப அவள் ஆசைப்பட்டாள். முடியவில்லை. கோதுமை ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக நோய் பிடித்த இலைகளைச் சுரண்டிப் பிழைக்கிறவளுக்கு இந்தத் தூளைத் தெரியாதா? இலைத்துரு. இலை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தோலைப் பிளந்துகொண்டு உதிரும் பூஞ்சை.

வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று அப்படியே வீட்டுக்கு வந்து, ஓடிவந்த மகளை வாரித் தூக்கினாள். மனித உடம்பில் அது வளராது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நடுப்பகல் வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருக்க, உள்ளறைக் கதவின் இடுக்கிலிருந்து மட்டும் ஈரச் சாக்கும் புளித்த மாவும் கலந்தாற்போல் ஒரு வாடை கசிந்து வந்து, மூக்கில் ஏறி, தொண்டையில் பிசுக்காக ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, குட்டி எங்க?"

"கத்தாத, தூங்குறா." கணவன் பெருமையாகச் சிரித்தான். "நீ வேலைக்குப் போனதும் உடம்பெல்லாம் அரிக்குதுன்னு ஒரே அழுகை. ஈரத் துணிய நல்லாச் சுத்தி, போர்த்திவிட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திட்டேன். அப்புறம் சத்தமே இல்ல. நானும் நர்ஸ் வேலைக்கே போயிருக்கலாம்!"

ஈரம். இருட்டு. போர்வை. தூளைத் தூவியபின் கோதுமை நாற்றுக்கு அவள் செய்வதும் இதேதான். பூஞ்சை முளைப்பதற்கு.

கதவைத் தள்ளினாள். விளக்கைப் போட்டாள்.

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கழுத்துக்குக் கீழே சுற்றிய வெள்ளைத் துணியில் ஆரஞ்சு கசிந்திருந்தது.

"அம்மா, இப்ப அரிக்கவே இல்லம்மா."

துணிக்குள் ஏதோ மெல்ல வெடித்தது. இன்னொன்று. வரிசையாக.

பெற்ற மனம் ஓடிப்போய் அணைக்கச் சொன்னது. கால் பின்னால் போயிற்று. தான் பெற்ற பிள்ளையைத் தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தூக்கும்மா."

குழந்தை கட்டிலை விட்டு இறங்கினாள். துணி அவிழ்ந்து விழுந்தது. முதுகுத் தோலும் அதோடு போயிற்று. அவள் அழவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அடிக்கு அடி தூள் உதிர, சிரித்தபடியே வந்தாள்.