காதுக்குப் பின்னால் கத்தரித்த முடி

சாயங்காலம் குளிப்பாட்டி முடித்து, குட்டியின் ஈரத் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மகளின் இடது காதுக்குப் பின்னால், விரல்நுனி அளவுக்கு, முடி தோலோடு ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தது. பிய்ந்ததும் இல்லை, பூச்சி வெட்டும் இல்லை. கூரான கத்தரி, பழகின கை. அதற்கு மேலே அதே அளவில் இன்னொன்று, பழையது, முடி குத்துக்குத்தாக முளைக்கத் தொடங்கியிருந்தது.

இப்படிக் கத்தரிக்கிற ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். அது அவளேதான்.

வீட்டுக்குப் பின்னால் விரியும் புதர்க்காடு நன்றாக இருக்கிறதா, நொடித்துப்போய்க் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. எந்தப் புல் அந்த மண்ணுக்குச் சொந்தம், எது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்ப்பாள். பொழுது சாயும்போது எலி நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்ளும் தகரப் பெட்டிகளைப் புதரடியில் வைத்து, உள்ளே நசுக்கிய வேர்க்கடலையும், குளிராமலிருக்க ஒரு பிடி பஞ்சும் போட்டுவிட்டு வருவாள். விடிந்ததும் பெட்டியைச் சாய்த்து, மாட்டிய எலியைத் துணிப்பையில் விழவைத்து, தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, அடையாளத்துக்குக் காதுக்குப் பின்னால் துளி முடியைக் கத்தரித்து விட்டுவிடுவாள். அதே எலி திரும்ப மாட்டினால் கீழே இன்னொரு கத்தரிப்பு. எலி பிழைத்தால் ஆந்தை பிழைக்கும், ஆந்தை பிழைத்தால் காடு பிழைக்கும் என்பதால் நோகாமல்தான் பிடிப்பாள். கத்தரிக்கும்போது, "ஆச்சு கண்ணு, ஆச்சு ஆச்சு" என்று கொஞ்சவும் செய்வாள்.

வெளியூரில் வேலையாக இருந்த கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, குட்டி முடிய நீங்க வெட்டினீங்களா?"

"நான் வெட்டியிருந்தா காதும் சேர்ந்துல்ல வந்திருக்கும். அவளே கத்தரிய எடுத்து விளையாடியிருப்பா. எலியோடயே இருந்து இருந்து உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்." சிரித்தான். "கதவப் பூட்டிட்டுப் படுங்க. காலைல வந்துடறேன்."

பாம்புப் புற்றில் கைவிடச் சொன்னால் கையுறை எங்கே என்று கேட்பாளே தவிர, மாட்டேன் என்று சொல்கிறவள் இல்லை. ஆனாலும் எழுந்துபோய்க் கதவுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"குட்டி, இத யாரு வெட்டினா?"

"நீதாம்மா."

"எப்ப?"

"தூங்கறப்ப. ஆச்சு கண்ணு, ஆச்சு ஆச்சுன்னு சொன்னியே. வலிக்கவே இல்ல. உன் கைதான் ஜில்லுனு இருந்துச்சு." குட்டி கொட்டாவி விட்டாள். "பைல போட்டு ஆட்டினல்ல, அது நல்லா இருந்துச்சு."

அவள் தன் இடது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். மேலே ஒன்று, சொரசொரப்பாக. கீழே ஒன்று, வழவழப்பாக.

இன்று எலிக் கணக்கெடுப்பின் கடைசி நாள். கடைசி நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள், ஒன்றைத் தவிர. அலுவலகத்துக்கு மாதிரியாக ஒன்று வேண்டும். காலையில், தாய் எலியும் குட்டியுமாக ஒரே பெட்டியில் மாட்டியிருந்தவற்றில், கொழுகொழுவென்று இருந்த குட்டியைத்தான் எடுத்துக்கொண்டாள். கீழே விட்ட தாய் எலி ஓடவில்லை. அவள் காலணியையே சுற்றிச் சுற்றி வந்தது. பாவமாகத்தான் இருந்தது. "போ, போ" என்று விரட்டிவிட்டு வந்துவிட்டாள்.

"குட்டி, செருப்பப் போடு. கிளம்பறோம்."

திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் குட்டி இல்லை.

"அம்மா, கரடி கெடச்சிருச்சு," என்றது உள்ளறையிலிருந்து குரல்.

வீடு மாறும்போது தொலைந்த பொம்மைக் கரடி. அதைக் கேட்டுக் கேட்டு மாதக்கணக்கில் அழுதிருந்தாள் குட்டி.

அவள் உள்ளே ஓடினாள். அறை மூலையில் கரடி உட்கார்ந்திருந்தது. அதன் கீழே வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது.

பஞ்சு.

"தொடாத, குட்டி. வா இங்க."

குட்டி கரடியைத் தூக்கிவிட்டாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய சத்தம். தகரச் சத்தம்.

மகளை அள்ளிக்கொண்டாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இழுத்தாள். கைப்பிடி இல்லை. சுவர் ஜில்லென்று இருந்தது. ஜன்னல் இருந்த இடத்திலும் சுவர்.

தரை சாய்ந்தது.

நகத்தால் பிடித்தாள். வழுக்கியது. கட்டில் சரிந்தது. கரடி சரிந்தது. கையிலிருந்து ஈரத் தலை நழுவியது.

"அம்மா."

பிறகு புல். உள்ளங்கையின் கீழே குளிர்ந்த புல். காடு. தூரத்தில் வீடு, எல்லா விளக்கும் எரிய.

நிமிர்ந்தாள். மர உச்சிகளுக்கும் மேலே ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் ஏதோ சின்னதாக உதைத்தது.

அங்கிருந்து அவளுடைய குரலே கேட்டது, கொஞ்சம் பாவப்பட்டு.

"போ, போ."

அவள் போகவில்லை. அடிமரம் என்று நினைத்த அந்தக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.